பல் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் காலம் (புதுச்சேரி)

புதுச்சேரியில் பல் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் காலம் என்பது, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாணவர் ஒருவர் இளநிலைப் பல் மருத்துவப் பட்டப்படிப்பில் (பி.டி.எஸ்.) சேர எந்த ஆண்டில், எந்த மாதத்தில், எந்தக் கலந்தாய்வில், எந்தச் சுற்றில் விண்ணப்பிப்பது என்று எடுக்கும் முடிவுகளின் தொகுப்பைக் குறிக்கும். இக்கட்டுரை வில்லியனூர், பாகூர் ஆகிய ஊர்ப்புறக் கொம்யூன்களின் நிலையை முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது.

இந்தியாவில் இப்படிப்புக்கான நுழைவுத் தேர்வாகிய தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வு (நீட்) ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே நடத்தப்படுகிறது. அத்தேர்வின் மதிப்பெண் அந்த ஆண்டின் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும். ஆகவே ஒரு விண்ணப்பத்தையோ ஒரு சான்றிதழையோ சில நாட்கள் தவறவிட்டால் இழப்பு ஓராண்டு ஆகிவிடுகிறது. நகரத்தில் பயிற்சி மையத்தில் பயிலும் மாணவருக்கு இந்த நாட்காட்டியை யாராவது நினைவூட்டுவர். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குச் செல்லும் ஊர்ப்புற மாணவருக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை.

பின்னணி

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1920 இல் கொல்கத்தாவில் மருத்துவர் ரபியுதீன் அகமதுவால் தொடங்கப்பட்டது. சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1953 இல் தோன்றியது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியின்போதே, 1823 இல், மருத்துவப் பள்ளி ஒன்று அமைந்துவிட்டது. இன்றைய ஜிப்மரின் தொடக்கம் அதுவே. எனினும் பல் மருத்துவத்துக்குத் தனிக் கல்லூரி வர 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் கோரிமேட்டில் தொடங்கப்பட்ட அரசுக் கல்லூரி இப்போது மகாத்மா காந்தி பல் மருத்துவப் பட்டமேற்படிப்பு நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. ஜிப்மரில் பல் மருத்துவத் துறை உண்டு; பி.டி.எஸ். படிப்பு இல்லை. இரண்டும் அருகருகே அமைந்திருப்பதால் இவ்வேறுபாடு பலருக்கும் குழப்பமாகவே உள்ளது.

பி.டி.எஸ். நான்கு ஆண்டு வகுப்பும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் கொண்டது. மருத்துவப் பட்டமாகிய எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டு வகுப்பும் ஓராண்டு பயிற்சியும் கொண்டது. பல் மருத்துவக் கல்வி 1948 ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்தின்கீழ் இந்தியப் பல் மருத்துவ மன்றத்தால் நெறிப்படுத்தப்பட்டு வந்தது. இம்மன்றத்துக்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையம் ஒன்றை அமைக்க 2023 இல் நிறைவேறிய சட்டம் வகை செய்தது. நாடு முழுவதும் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன.

2016க்கு முன்பு புதுச்சேரியில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் மேல்நிலைத் தேர்வு (பிளஸ் டூ) மதிப்பெண்ணைக் கொண்டு நிரப்பப்பட்டன. மே மாதத்தில் தேர்வு முடிவு வந்தபின் விண்ணப்பம் வாங்கினால் போதும். 2013 இல் ஒருமுறை நடத்தப்பட்ட நீட் தேர்வு அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. அத்தீர்ப்பு 2016 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. 2016 இல் பல் மருத்துவர் சட்டமும் திருத்தப்பட்டு, 2017 முதல் எல்லா இடங்களுக்கும் நீட் கட்டாயமாயிற்று. இம்மாற்றத்தால் தேர்வின் தன்மை மட்டுமன்றி விண்ணப்பிக்கும் பருவமும் மாறியது: முடிவுக்குப் பின் எடுத்த முடிவைப் பொதுத்தேர்வுக்கு முன்பே எடுக்க வேண்டிய நிலை வந்தது. ஊர்ப்புறப் பெற்றோர் பலரும் இன்னும் பழைய நாட்காட்டியையே மனத்தில் வைத்திருக்கின்றனர்.

கொம்யூன்களும் கல்லூரிகளும்

கொம்யூன் என்பது பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற உள்ளாட்சிப் பிரிவு. 1973 ஆம் ஆண்டின் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி புதுச்சேரி வட்டாரத்தில் அரியாங்குப்பம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, பாகூர், நெட்டப்பாக்கம் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன. வில்லியனூரும் பாகூரும் வருவாய் வட்டங்களின் தலைமையிடங்களும் ஆகும். சான்றிதழ் வாங்க வருவோர் இவ்வட்ட அலுவலகங்களையே நாட வேண்டும். பாகூர் கல்விக்குப் புதிய ஊர் அன்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள் இங்கிருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறுகின்றன.

புதுச்சேரி வட்டாரத்தின் இரண்டு தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் நகரத்தில் அல்ல, இவ்விரு கொம்யூன்களின் சிற்றூர்களிலேயே அமைந்துள்ளன. வில்லியனூர்ப் பகுதியில் விழுப்புரம் சாலையில் உள்ள அரியூரில் சிறீ வெங்கடேசுவரா பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. பாகூர் கொம்யூனில் கடலூர்ச் சாலையை ஒட்டிய பிள்ளையார்குப்பத்தில் இந்திரா காந்தி பல் மருத்துவ அறிவியல் நிறுவனம் உள்ளது. ஒன்றியப் பகுதியின் இன்னொரு பல் மருத்துவக் கல்லூரி கேரளக் கரையில் மாகேயில் அமைந்துள்ளது.

வீட்டுக்கு அருகில் கல்லூரி இருப்பதால் சேர்க்கை எளிது என்று கருதுவது தவறு. அரியூர்க் கல்லூரி புதுவைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்றது. அதன் இடங்கள் புதுச்சேரி அரசின் மையச் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக நிரப்பப்படுகின்றன. பிள்ளையார்குப்பக் கல்லூரியோ சிறீ பாலாஜி வித்யாபீடம் என்னும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் உறுப்பு. நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்கள் அனைத்தும் தில்லியிலுள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழு (எம்.சி.சி.) நடத்தும் அனைத்திந்தியக் கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. எனவே கிருமாம்பாக்கத்தில் பேருந்து ஏறி ஐந்து நிமிடத்தில் அக்கல்லூரியை அடையக்கூடிய மாணவரும், பீகாரிலிருந்தோ கேரளத்திலிருந்தோ வருபவரோடு அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். அங்கே புதுச்சேரிக் குடியிருப்புச் சான்றுக்கு முன்னுரிமை கிடையாது. இரு கலந்தாய்வுகளுக்கும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். சென்டாக்கில் பதிந்தது எம்.சி.சி.க்குச் செல்லாது.

பாகூரிலிருந்து தெற்கே கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்று உண்டு. அது தமிழ்நாட்டைச் சேர்ந்தது. புதுச்சேரி மாணவர் அதில் அனைத்திந்திய ஒதுக்கீட்டில் (அரசுக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு) மட்டுமே சேர இயலும்.

ஓராண்டின் ஓட்டம்

நீட் விண்ணப்பம் வழக்கமாகப் பெப்ரவரியில் திறக்கப்பட்டு மார்ச்சில் மூடப்படுகிறது. 2025 ஆம் ஆண்டுக்குப் பெப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை காலம் தரப்பட்டது. மார்ச் 9 முதல் 11 வரை திருத்தம் செய்ய இடமளிக்கப்பட்டது. தேர்வு மே 4, 2025 அன்று நடந்தது. முடிவு ஜூன் 14 அன்று வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு தேர்வு மே 5, 2024 அன்று நடந்தது. மே மாத முதல் ஞாயிறு என்ற இவ்வழக்கம் தொற்றுநோய்க் காலத்தில் மட்டும் குலைந்தது: 2020 இல் செப்டம்பர் 13, 2021 இல் செப்டம்பர் 12, 2022 இல் ஜூலை 17 ஆகிய நாட்களில் தேர்வு நடந்தது.

பெப்ரவரி என்பது பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்குச் செய்முறைத் தேர்வும் திருப்புதல் தேர்வும் நடக்கும் மாதம். புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் முன்பு தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. பின்னர் மத்திய வாரியப் (சி.பி.எஸ்.இ.) பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டு, 2025 இல் முதன்முறையாக அவ்வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதின. அவ்வாரியத் தேர்வு பெப்ரவரி நடுவிலேயே தொடங்கிவிடுவதால் நெருக்கடி இன்னும் கூடியுள்ளது. பொதுத்தேர்வு முடியட்டும் என்று ஏப்ரல் வரை விண்ணப்பத்தை ஒத்திப்போடுபவருக்கு அவ்வாண்டு கதவு மூடப்பட்டிருக்கும்.

விண்ணப்பக் கட்டணம் 2025 இல் பொதுப் பிரிவினருக்கு 1,700 ரூபாய், இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கும் 1,600 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 1,000 ரூபாய் என இருந்தது. தேர்வு எழுதும் மொழியை விண்ணப்பிக்கும்போதே தெரிவு செய்ய வேண்டும். பிறகு மாற்ற இயலாது. தமிழைத் தெரிவு செய்வோருக்குத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த வினாத்தாள் தரப்படும். இரண்டிற்கும் இடையே வேறுபாடு எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. 2018 ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்குமாறு உத்தரவிட்டது. அவ்வுத்தரவை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் நீக்கிவிட்டது. தமிழில் எழுதும் மாணவர் ஆங்கிலக் கலைச்சொற்களையும் பழகிக்கொள்வது நன்று என்று ஆசிரியர்கள் கூறுவது இதனாலேயே.

தேர்வு 180 வினாக்களும் 720 மதிப்பெண்களும் கொண்டது. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றில் தேர்ச்சியும், அறிவியல் பாடங்களில் பொதுப் பிரிவினர் 50 விழுக்காடும் ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 விழுக்காடும் பெற்றிருத்தலும் தகுதியாகும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் அகவை 17 நிறைந்திருக்க வேண்டும். மேல் அகவை வரம்பு 2022 தேர்விலிருந்து இல்லை. ஓராண்டு முன்னதாகவே பள்ளியில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் சிலர் இந்த 17 நிறைவு விதியால் தடைபடுவதுண்டு. இதைப் பதினோராம் வகுப்பிலேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சான்றிதழ்கள்

சேர்க்கைக் காலத்தில் ஊர்ப்புற மாணவர்களைப் பெரிதும் அலைக்கழிப்பது தேர்வைவிடச் சான்றிதழ்களே எனலாம். நீட் முடிவு வந்தபின் சென்டாக் விண்ணப்பத்துக்குத் தரப்படும் காலம் குறுகியது. அதற்குள் குடியிருப்புச் சான்று, சாதிச் சான்று, தேவையானோருக்கு வருமானச் சான்று ஆகியவை கையில் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூவரைக் கடந்து வரும் தாள் இது. இணைய வழியில் விண்ணப்பித்தாலும் நேரடி விசாரணை உண்டு. ஜூன் மாதத்தில் பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக்காக எல்லோரும் ஒரே நேரத்தில் வட்ட அலுவலகத்தை நாடுவதால் வழக்கத்தைவிட நாள் கூடுதலாகப் பிடிக்கும்.

இங்கே நாள் பார்த்து வாங்க வேண்டிய சான்றும் ஒன்று உண்டு. அனைத்திந்திய ஒதுக்கீட்டில் இதர பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்குரிய 27 விழுக்காட்டு இடங்களுக்கு (இவ்வொதுக்கீடு 2021-22 ஆம் கல்வியாண்டில் நடைமுறைக்கு வந்தது) வளமான பிரிவினர் அல்லர் என்ற மத்திய அரசுப் படிவச் சான்று தேவை. அச்சான்று நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பின் வாங்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்று கேட்கப்படுகிறது. ஜனவரியில் முன்கூட்டியே வாங்கி வைத்தவர் மீண்டும் வாங்க நேரிடும். குடியிருப்பு, சாதிச் சான்றுகளைக் குளிர்காலத்திலேயே வாங்கிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் ஏப்ரலுக்கு ஒதுக்கி வைப்பதே பொருத்தமானது.

மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் ஒன்றல்ல என்பதும் கவனத்துக்குரியது. புதுச்சேரியில் இதர பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்ட மீனவர், பிற்படுத்தப்பட்ட முசுலிம்கள் எனப் பிரிவுகள் பலவாக உள்ளன. தில்லிக் கலந்தாய்வில் இவை அனைத்துக்கும் இதர பிற்படுத்தப்பட்டோர் என்ற ஒரே தலைப்புதான், அதுவும் மத்தியப் பட்டியலில் அச்சாதி இடம்பெற்றிருந்தால் மட்டும். பட்டியல் சாதியினரைப் பொறுத்தவரை, புதுச்சேரிக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1964 இல் வெளியிடப்பட்டது. அதற்கு முன்பிருந்தே இங்கு வாழ்ந்த குடும்பம், பின்னர் தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த குடும்பம் என்ற வேறுபாடு சான்றிதழில் காட்டப்படுவதால், பாட்டனார் காலத்து ஆவணங்களைத் தேட வேண்டியிருக்கும். இது ஒரு வாரத்தில் முடியும் வேலை அன்று.

பெயர்ச் சிக்கல் சிறியது போலத் தோன்றும். ஆனால் அதுவே அடிக்கடி நேர்வது. ஆதார் அட்டையில் தலைப்பெழுத்து விரிவாகவும், பத்தாம் வகுப்புச் சான்றில் எழுத்து மட்டுமாகவும், பிறப்புச் சான்றில் பெயரே இல்லாமலும் இருப்பது தமிழ்க் குடும்பங்களில் இயல்பு. விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ள பெயரைப் பின்பற்றுவதும், ஆதாரை அதற்கு ஏற்ப பெப்ரவரிக்கு முன்பே திருத்திக்கொள்வதும் வழக்கம்.

எல்லைக் கிராமங்கள்

புதுச்சேரி வட்டாரம் ஒரே நிலப்பரப்பு அன்று. தமிழ்நாட்டின் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு இடையே பல துண்டுகளாகக் கிடக்கிறது. பாகூர், வில்லியனூர்ப் பகுதிகளில் ஒரு தெருவைக் கடந்தால் மாநிலம் மாறிவிடும் இடங்கள் உள்ளன. தமிழ்நாட்டுப் பக்கம் வீடு, புதுச்சேரிப் பக்கம் பள்ளி என்றோ, இதற்கு மாறாகவோ வாழும் குடும்பங்கள் பல. திருமண உறவுகளும் நிலங்களும் எல்லையைப் பார்ப்பதில்லை.

சேர்க்கையில் அரசு ஒதுக்கீட்டு இடம் கேட்பவர் புதுச்சேரியில் தொடர்ந்து ஐந்தாண்டுகள் குடியிருந்ததற்கான சான்று அளிக்க வேண்டும். எங்குப் படித்தார் என்பதைவிட எங்குக் குடியிருந்தார் என்பதே இங்கு அளவுகோல். தாய்வீட்டில் இருந்து படித்த பிள்ளை, வாடகை வீடு மாறியபோது குடும்ப அட்டையை மாற்றாத குடும்பம், வேலை தேடிச் சென்னைக்கோ திருப்பூருக்கோ சென்று திரும்பியவர் ஆகியோருக்கு இந்த ஐந்தாண்டுக் கணக்கில் இடைவெளி விழுந்துவிடுகிறது. எல்லைப் பகுதியில் இரு மாநிலங்களிலும் உரிமை கோருவோர் உள்ளனர் என்ற புகார் ஆண்டுதோறும் எழுவதால் விசாரணையும் கடுமையாகியுள்ளது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒரே ஆண்டில் குடியிருப்பு உரிமையோடு விண்ணப்பித்தால் சேர்க்கை நீக்கப்படலாம். எனவே எந்த மாநிலம் என்ற முடிவை நீட் விண்ணப்பத்தில் தகுதி மாநிலம் கேட்கப்படும் பெப்ரவரியிலேயே எடுத்தாக வேண்டும். குடிபெயர எண்ணும் குடும்பத்துக்கோ அது பிள்ளையின் எட்டாம் வகுப்பிலேயே எழும் கேள்வி.

எந்த ஆண்டில் விண்ணப்பிப்பது

பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டிலேயே ஒருமுறை நீட் எழுதிப் பார்ப்பதில் பெரிய இழப்பில்லை. கட்டணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மட்டுமே செலவு. கடினமான முடிவு அதற்குப் பின் வருகிறது. பல் மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பவருள் பெரும்பாலோர் உண்மையில் எம்.பி.பி.எஸ். இடத்தை விரும்புவோர். அது கிடைக்காத நிலையில், கிடைத்த பி.டி.எஸ். இடத்தில் இவ்வாண்டே சேர்வதா, ஓராண்டு நிறுத்தி மறுபடி எழுதுவதா (பேச்சு வழக்கில் டிராப், அவ்வாறு எழுதுபவர் ரிப்பீட்டர்) என்பதே கேள்வி.

இதற்குப் பொதுவான விடை இல்லை. எனினும் கணக்கிட வேண்டியவை சில உண்டு. முதலாவது, மதிப்பெண்ணை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதால் பயனில்லை. 2024 தேர்வில் முதலில் 67 பேர் முழு மதிப்பெண்ணான 720 பெற்றதாக அறிவிக்கப்பட்டு, திருத்தத்துக்குப் பின் அவ்வெண்ணிக்கை 17 ஆயிற்று. 2025 இல் வினாக்கள் கடினமாக இருந்தமையால் நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686 தான். பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 2023 இல் 137, 2024 இல் 162, 2025 இல் 144 என ஏறி இறங்கியது. 2024 இல் 450 பெற்றவர் ஓராண்டு நிறுத்தி 2025 இல் 440 பெற்றிருந்தால், அவர் பின்தங்கவில்லை, முன்னேறியுள்ளார். ஆகவே பார்க்க வேண்டியது தரவரிசை எண்ணையே. தேசியத் தரவரிசையைவிடவும், சென்ற ஆண்டு சென்டாக் வெளியிட்ட பட்டியலில் தன் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை எது, தன் இடம் அதிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதே பயன் தரும் கணக்கு. அத்தொலைவு சிறிதாயின் ஓராண்டு முயற்சிக்குப் பொருள் உண்டு. பெரிதாயின் நம்பிக்கை மட்டுமே மிஞ்சும்.

இரண்டாவது, மதிப்பெண் எங்கே இழக்கப்பட்டது என்பது. தமிழ்வழியில் படித்து, பொதுத்தேர்வுக்கும் நீட்டுக்கும் இடையில் கிடைத்த சில வாரங்களில் மட்டும் பயின்று தகுதி பெற்ற மாணவருக்கு முழு ஓராண்டுப் பயிற்சி பெரிய ஏற்றத்தைத் தரக்கூடும். ஏற்கெனவே இரண்டாண்டுகள் தனிப்பயிற்சி பெற்றவருக்கு அந்த ஏற்றம் குறைவாகவே இருக்கும். இயற்பியலில் தயக்கத்தால் விடப்பட்ட வினாக்களும், உயிரியலில் அவசரத்தால் தவறிய வினாக்களும் வெவ்வேறு நோய்கள். இரண்டாவது ஓரளவு விரைவில் குணமாகும்.

மூன்றாவது பணம். பயிற்சி மையக் கட்டணம், நகரத்துக்குப் போய்வரும் செலவு அல்லது விடுதிச் செலவு, தொழிலில் நுழைவது ஓராண்டு தள்ளிப்போவது ஆகிய மூன்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். கோரிமேட்டு அரசுக் கல்லூரியில் பி.டி.எஸ். இடம் கிடைத்தவர் அதை விட்டுவிட்டுக் காத்திருப்பதும், தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தை விட்டுவிட்டுக் காத்திருப்பதும் ஒரே வகை முடிவுகள் அல்ல. முன்னது அடுத்த ஆண்டு கிடைக்காமலே போகலாம். பின்னதைக் கடன் வாங்கிச் சேர்வதைவிட, அரசு ஒதுக்கீட்டை நோக்கி மீண்டும் எழுதுவது பல குடும்பங்களுக்கு மலிவானது.

பி.டி.எஸ். முதலாண்டில் சேர்ந்துகொண்டே மறுபடி நீட் எழுதுவோரும் உண்டு. இது பாதுகாப்பான வழி என்று பேசப்படுகிறது. ஆனால் முதலாண்டு உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் பாடங்களும் பல் உருவமைப்பியல் செய்முறையும் கொண்டது. மெழுகில் பல் செதுக்கும் பயிற்சி மட்டுமே பல மணி நேரம் கேட்கும். இரண்டையும் ஒருங்கே செய்து இரண்டிலும் தவறியவர்கள் உள்ளனர். சேர்க்கைக் காலம் முடிந்தபின் இடையில் விலகுவோர் அபராதமோ மீதி ஆண்டுக் கட்டணமோ செலுத்த வேண்டும் என்ற விதி பல கல்லூரிகளில் உண்டு என்பதால், சேருமுன் அவ்வாண்டுக் கையேட்டில் அப்பகுதியைப் படிப்பது அவசியம்.

பெண் பிள்ளைகளுக்கு ஓராண்டு நிறுத்தம் என்றால் வீட்டில் திருமணப் பேச்சு தொடங்கிவிடும் என்ற அச்சம் ஊர்ப்புறங்களில் இன்னும் உள்ளது. கிடைத்த பி.டி.எஸ். இடத்தை உடனே ஏற்கப் பலருக்கு இதுவே சொல்லப்படாத காரணம்.

எந்தச் சுற்றில் சேர்வது

எம்.சி.சி. கலந்தாய்வு மூன்று சுற்றுகளும், எஞ்சிய இடங்களுக்கான இறுதிச் சுற்றும் கொண்டது. அனைத்திந்திய ஒதுக்கீட்டுக்குத் திரும்பப் பெறக்கூடிய பிணைத்தொகை பொதுப் பிரிவினருக்கு 10,000 ரூபாய், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5,000 ரூபாய். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கோ 2,00,000 ரூபாய். பிள்ளையார்குப்பக் கல்லூரியை விருப்பப் பட்டியலில் சேர்க்க விரும்பும் பாகூர் விவசாயக் குடும்பம் இடம் கிடைக்குமுன்பே இத்தொகையைக் கட்ட வேண்டும் என்பது பலருக்குப் பதிவு நாளன்றுதான் தெரிய வருகிறது.

முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராமல் விடுவதற்குத் தண்டனை இல்லை. இரண்டாம் சுற்றில் விட்டால் பிணைத்தொகை போய்விடும். மூன்றாம் சுற்றில் சேர்ந்தவர் பின் விலக இயலாது. மேல் விருப்பத்துக்கு மாற்றம் கேட்டு அது கிடைத்துவிட்டால், கையில் இருந்த பழைய இடம் தானே நீங்கிவிடும். இரண்டையும் வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது. ஆகவே, கிடைத்தால் கட்டாயம் சேர்வோம் என்று உறுதியில்லாத கல்லூரியை விருப்பப் பட்டியலில் எழுதாமல் இருப்பதே நல்லது. சென்டாக் கலந்தாய்வும் சுற்றுகளாக நடக்கிறது. அதன் விதிகள் ஆண்டுதோறும் கையேட்டில் வெளியிடப்படும்.

பி.டி.எஸ். இடங்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு: கடைசிச் சுற்றுகளில் நாடு முழுவதும் பல இடங்கள் காலியாகவே நிற்கும். 2020-21 ஆம் ஆண்டில் சுமார் 7,000 இடங்கள் நிரம்பாத நிலையில், தகுதி விழுமியத்தை 10 சதமானம் குறைத்து நிரப்புமாறு உச்ச நீதிமன்றம் பெப்ரவரி 8, 2021 அன்று தீர்ப்பளித்தது. 2019 இலும் இவ்வாறு குறைக்கப்பட்டது. இதனால், தகுதி மதிப்பெண்ணைச் சற்றே தவறவிட்டவர் பட்டியலை இறுதி வரை கவனித்துவருவது வீண் அன்று. ஆனால் அவ்விடங்கள் பெரும்பாலும் கட்டணம் மிகுந்த தனியார் கல்லூரிகளைச் சேர்ந்தவை; அரசுக் கல்லூரி இடம் அவ்வாறு காத்திருப்பது அரிது. கட்டணம் தாங்க முடியாதவர் கடைசிச் சுற்றை நம்பி அரசு ஒதுக்கீட்டு முதல் சுற்றை நழுவவிடுவது தவறான கணக்கு.

அரசுப் பள்ளி மாணவர்கள்

தமிழ்நாடு 2020 இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளித்தது. புதுச்சேரியில் அதே ஆண்டு 10 விழுக்காடு அளிக்க அமைச்சரவை முடிவு செய்தும், ஒப்புதல் கிடைக்காமல் தேங்கியது. 2023 இல் மத்திய அரசின் இசைவு கிடைத்து நடைமுறைக்கு வந்தது. இது பல் மருத்துவத்துக்கும் பொருந்தும். இதனால் அரசுப் பள்ளி மாணவரின் காலக் கணக்கும் மாறுகிறது. இவர்கள் பொதுப்பட்டியலின் கடைசித் தரவரிசையைப் பார்த்து மனந்தளர்ந்து ஓராண்டு நிறுத்த வேண்டியதில்லை. தகுதி மதிப்பெண்ணைக் கடந்திருந்தால் முதல் முயற்சியிலேயே இடம் கிடைக்க வாய்ப்புண்டு. படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் சான்று வாங்க வேண்டியிருப்பதால், தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியரிடம் கோடை விடுமுறைக்கு முன்பே செல்வது நலம். மே மாதத்தில் பள்ளி பூட்டியிருக்கும்.

சென்டாக் வழியாகச் சேரும் மாணவருக்குப் பெருந்தலைவர் காமராசர் பெயரிலான கல்வி நிதியுதவித் திட்டம் ஒன்றும் புதுச்சேரி அரசால் நடத்தப்பட்டு வருகிறது.

பிற நாடுகளில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல் மருத்துவம் பட்டப்படிப்புக்குப் பின் பயிலப்படுவது. பொது விண்ணப்பம் கோடைத் தொடக்கத்தில் திறக்கப்பட்டு, வந்த வரிசையில் பரிசீலிக்கப்படுவதால், கடைசி நாள் தொலைவில் இருந்தாலும் ஜூன் மாதத்திலேயே அனுப்புவோருக்கு அங்கே அனுகூலம் உண்டு. இந்தியாவில் முதல் நாள் விண்ணப்பித்தாலும் கடைசி நாள் விண்ணப்பித்தாலும் தரவரிசை ஒன்றே. ஐக்கிய இராச்சியத்தில் பல் மருத்துவத்துக்கு அக்டோபர் 15 கடைசி நாள். பிற படிப்புகளுக்கு அதற்குப் பின்னும் காலம் உண்டு.

இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடத்துக்குக் க.பொ.த. உயர்தரத் தேர்வின் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் கொண்டு மாணவர் தெரிவு செய்யப்படுகின்றனர். பல்கலைக்கழக அனுமதிக்காக ஒருவர் உயர்தரத் தேர்வுக்கு மூன்று முறை மட்டுமே தோற்றலாம் என்பதால், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ உள்ள தமிழ் மாணவருக்கு, கிடைத்த பல் மருத்துவ இடத்தை ஏற்பதா, மருத்துவத்துக்காக இன்னொரு முறை எழுதுவதா என்ற கேள்வி எண்ணிக்கை வரம்போடு வருகிறது. நீட் தேர்வுக்கு அத்தகைய வரம்பு எதுவும் இல்லை.